கேட் (CAT) தேர்வுக்குப் புத்தகமா, கணினி மாதிரித் தேர்வா?

ஐ.ஐ.எம். போன்ற கல்லூரிகளில் எம்.பி.ஏ. சேர எழுதும் இந்தத் தேர்வின் கோச்சிங்குக்காக சேலம், பெங்களூரு என்று அலைவதற்கு முன், தருமபுரிப் பிள்ளைகள் யோசிக்க வேண்டியது இதைத்தான்.

சதவீதம், விகிதம் எல்லாம் கையால் போட்டால்தான் பிடிபடும். அதற்குப் புத்தகம்தான், சீனியரிடம் வாங்கிய பழைய பதிப்பே போதும்.

ஆனால் நேரத்தைக் கையாளப் புத்தகம் பழக்காது. கேட்டில் மூன்று பகுதி, ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம், இடையில் தாவ முடியாது. சரியான விடைக்கு 3 மதிப்பெண். கொள்குறி வினாவில் தப்பினால் 1 போய்விடும். எந்தக் கணக்கைத் தொடாமல் விடுவது என்பது திரைமுன் உட்கார்ந்தால்தான் வரும். நவம்பர் இறுதியில் தேர்வு. ஆகஸ்ட் முதல் ஞாயிறுதோறும் கணினியில் ஒரு மாதிரித் தேர்வு எழுதுங்கள். தப்பிய கேள்வியை ஏன் தப்பியது என்று நோட்டில் குறியுங்கள், அதுதான் உண்மையான படிப்பு.

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் எம்.பி.ஏ. சேருவதற்கான டான்செட் (TANCET) மட்டும் என்றால், அது தாளில் எழுதுவது. புத்தகமும் பழைய வினாத்தாளும் போதும்.