பாதாளத்தில் இறங்கினார்: ஒரு வரி, நான்கு சபைகள்

ஆராதனையில் சபையார் சேர்ந்து சொல்லும் அப்போஸ்தலர் விசுவாசப்பிரமாணத்தில், புராட்டஸ்டண்ட் சபைகளுக்குள் அதிகம் இழுபறிப்பட்ட வரி ‘பாதாளத்தில் இறங்கினார்’ என்பதுதான்.

லுத்தரன் சபை அதை அப்படியே சொல்கிறது, அப்படியே நம்புகிறது. அந்தச் சபையின் கோட்பாட்டு நூலான 1577-ஆம் ஆண்டின் இணக்க அறிக்கை, அடக்கத்துக்குப் பின் கிறிஸ்து பாதாளத்தில் இறங்கிப் பிசாசை ஜெயித்தார் என்கிறது. அது எப்படி நடந்தது என்று துருவ வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறது. அந்தத் தன்னடக்கம் எனக்குப் பிடிக்கும்.

கால்வின் வழிச் சபைகளும் இதே வரியைத்தான் சொல்கின்றன, ஆனால் பொருள் வேறு. சிலுவையில் இயேசு பட்ட ஆத்தும வேதனையே அந்த இறங்குதல் என்றார் கால்வின். 1563-இல் வந்த, அந்தச் சபைகளின் போதனை நூலான ஹைடல்பெர்க் வினாவிடையின் 44-ஆம் கேள்வியும், கடும் சோதனையில் இருப்பவனுக்கு இந்த வரி தரும் நிச்சயத்தை அதே வழியில் விளக்குகிறது. போதனையாக இது மிக ஆழமானது. ஆனால் பிரமாணத்தின் வரிசையைப் பாருங்கள்: மரித்தார், அடக்கம்பண்ணப்பட்டார், அப்புறம்தான் இறங்கினார். மனிதர் கண்ட பாடுகளை முதலில் சொல்லிவிட்டு, காணாததைப் பிறகு சொல்கிறது என்று கால்வின் பதில் தந்தார். அது எனக்குப் போதவில்லை.

ஆங்கிலிக்கன் சபையின் கோட்பாடுகளைச் சொல்லும் 39 பிரமாணங்களில் மூன்றாவது இந்த இறங்குதலைப் பற்றியதே. அமெரிக்க எபிஸ்கோப்பல் சபை மட்டும் 1789 ஜெப புத்தகத்தில், ‘பிரிந்துபோன ஆவிகளின் இடத்துக்குப் போனார்’ என்று மாற்றிச் சொல்லவும் இடம் கொடுத்தது.

மெதடிஸ்டுகளின் வழி தனி. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1784-இல் அந்த 39-ஐ 24 ஆகச் சுருக்கியபோது மூன்றாவதை விட்டுவிட்டார். அமெரிக்காவின் ஐக்கிய மெதடிஸ்ட் சபையின் 1989 பாட்டுப் புத்தகத்தில் விசுவாசப்பிரமாணம் இரண்டு வடிவில் இருக்கிறது: பழைய வடிவில் இந்த வரி அடிக்குறிப்பில் மட்டுமே உண்டு, மற்றதில் ‘மரித்தோரிடம் இறங்கினார்’.

வரியை விடுபவர்களுக்கு நல்ல ஆதாரம் ஒன்று உண்டு. ரோமாபுரிச் சபையின் விசுவாசப்பிரமாணத்தில் இது இல்லை என்று 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சபை எழுத்தாளர் ருஃபீனுஸ் எழுதியிருக்கிறார். சரி, ஆனாலும் அப்போஸ்தலர் நடபடிகள் 2-ஆம் அதிகாரத்தில், கிறிஸ்துவின் ஆத்துமா பாதாளத்தில் விடப்படவில்லை என்று பேதுரு பிரசங்கிக்கிறாரே! இந்த வரி பிந்தி வந்திருக்கலாம், விசுவாசம் பிந்தியதல்ல.

என் தேர்வு ‘மரித்தோரிடம் இறங்கினார்’. நரகத்தின் வேதனை என்ற குழப்பம் அதில் இல்லை, வரிசையும் கெடவில்லை. அடக்க ஆராதனையில் நிற்கும் குடும்பத்துக்கு, தங்கள் பிள்ளை போன இடத்துக்கு ஆண்டவரும் போயிருக்கிறார் என்று அது நேராகச் சொல்கிறது. இரண்டு வடிவும் கையில் இருக்கும் போதகர்கள் அன்றைக்காவது இதைத் தேர்ந்தெடுக்கட்டும்.