சதுரமான ஹால்ட்: நின்றபின் திருத்துவதா, நிற்கும் முன்பே அமைப்பதா?

டிரெஸ்ஸாஜ் என்பது குதிரையைக் குறித்த அசைவுகளில் நேர்த்தியாக ஓட்டிக் காட்டும் போட்டி. அதில் கிட்டத்தட்ட எல்லா டெஸ்டும் (வரிசையாகச் செய்துகாட்ட வேண்டிய அசைவுகளின் தொகுப்பு) மையக்கோட்டில் ஒரு ஹால்ட்டுடன், அதாவது குதிரையை நிறுத்தி நிற்கவைப்பதுடன்தான் முடிகிறது. முன்னங்கால்கள் ஒரு வரிசையில், பின்னங்கால்கள் ஒரு வரிசையில், நான்கிலும் எடை சமமாக இறங்கி, குதிரை அசையாமல் கவனத்தோடு நிற்க வேண்டும். மைதான ஓரங்களில் இடங்களைக் குறிக்க எழுத்துகள் வைத்திருப்பார்கள். மையக்கோட்டின் முனையில் 'சி' எழுத்தருகே அமரும் நடுவர் நேர் எதிரே பார்ப்பதால், பின்தங்கிய கால் அவர் கண்ணுக்கு மறைந்துவிடலாம். பக்கவாட்டில் 'இ', 'பி' எழுத்துகளருகே நடுவர் இருந்தால் தப்பவே முடியாது. இதைக் கற்றுக்கொடுக்க மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன.

முதல் வழி, எப்படியோ நிறுத்திவிட்டுக் காலைத் திருத்துவது. இடது பின்னங்கால் ஒரு குளம்பளவு பின்னால் நின்றுவிட்டால், உங்கள் இடது கெண்டைக்காலால் லேசான அழுத்தம். குதிரை அந்தக் காலை எடுத்து முன்னால் வைக்கும். உடனே பலன் தெரிவதால் பலருக்கும் இது பிடிக்கிறது. ஆனால் நின்றபின் கால் மாற்றும் பழக்கமும் கூடவே ஒட்டிக்கொள்கிறது. மேல்நிலை டெஸ்டுகளில் ஹால்ட்டில் குறைந்தது 3 விநாடி அசையாமல் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் குதிரை அடுத்த திருத்தத்துக்காகக் காத்திருக்கும். திருத்தியே ஆக வேண்டுமென்றால் முன்னோக்கி மட்டும்தான். ஓர் அடி பின்னால் எடுக்கவைத்துச் சதுரமாக்குவதை நான் அறவே ஏற்பதில்லை. கடிவாளம் இறுகினாலே பின்வாங்கலாம் என்று குதிரை புரிந்துகொண்டால், அதை மறக்கவைப்பது பெரும்பாடு.

இரண்டாவது, தரையில் நின்று கற்பிப்பது. சுவரோரமாக நடத்தி, தோளருகே நின்று நிறுத்தி, பின்தங்கிய காலை நீண்ட சவுக்கின் நுனியால் தொடுவது. கால் சரியாக வந்ததும் சவுக்கை இறக்கிவிட்டுக் கழுத்தில் தடவிக் கொடுக்க வேண்டும். முதுகில் எடை இல்லாததால் இளம் குதிரைக்குப் புரிவது சுலபம். கால் எங்கே நிற்கிறது என்று நம் கண்ணுக்கும் நேராகத் தெரியும். சவுக்கைக் கண்டு பதறும் குதிரைக்கு மட்டும் இது சரிப்படாது. அப்புறம், தரையில் கற்றது சேணத்தில் ஏறியதும் தானாகக் கூடவே வராது.

மூன்றாவதுதான் என் தேர்வு: நிற்கும் முன்பே ஹால்ட்டை அமைப்பது. கால் பின்தங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் கடைசி இரண்டு மூன்று அடிகளில்தான் இருக்கிறது. கை மட்டும் இழுத்தால் முன்பாதி நின்றுவிடும். பின்பாதி பாதியில் கைவிடப்படும். அதனால் ஹாஃப் ஹால்ட் (நிறுத்தாமலே, ஒரு கணம் தடுத்துக் குதிரையைத் தயார்படுத்தும் சைகை) கொடுத்து, முதுகை நிமிர்த்தி, கெண்டைக்கால்களை விலாவிலேயே வைத்துக்கொண்டு, பின்னங்கால்கள் கடைசி அடிவரை உடலுக்கு அடியே வருமாறு ஓட்டிவந்து, அதன் பிறகே கடிவாளம் பிடித்த கையை மூட வேண்டும். குதிரை நின்ற கணமே கை மென்மையாகட்டும். முதலில் நடையிலிருந்து பழக்குங்கள். டிராட்டிலிருந்து (நடையைவிட வேகமான துள்ளோட்டம்) நேரடி ஹால்ட் பிறகு வரட்டும். ஆரம்பநிலை டெஸ்டுகள் பலவற்றிலும் டிராட்டிலிருந்து சில அடி நடந்து நிற்க அனுமதி உண்டு.

இந்த வழியில் பலன் தாமதமாகத்தான் வரும், அதுவே இதன் பெரிய குறை. ஹால்ட் கோணலாக அமைந்தால் அங்கேயே தோண்டிக்கொண்டிருக்காமல் முன்னே ஓட்டிப்போய் மறுபடி கேட்க வேண்டும், அதற்குப் பொறுமை வேண்டும். கால் எங்கே என்று குனிந்து பார்க்காதீர்கள். உங்கள் எடை சாய்ந்தாலே குதிரை நகரும். கண்ணாடி இருந்தால் சரி, இல்லையென்றால் தரையில் ஒருவர் நின்று சொல்லட்டும்.

இளம் குதிரைக்குத் தரைப்பாடமும் மூன்றாவது வழியும் சேர்ந்தால் நல்லது. நின்றபின் திருத்திப் பழகிய பழைய குதிரைக்கு மூன்றாவது மட்டும் போதும். முதல் வழியைக் கைவிட்ட ஆரம்பத்தில் அது கோணலாகவே நிற்கும், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். எந்த வழியில் போனாலும் அதே பின்னங்கால்தான் தினமும் பின்தங்குகிறது என்றால், முதலில் உங்கள் இருக்கை ஒரு பக்கம் சாய்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் பயிற்சியை நிறுத்திவிட்டு, அந்தக் காலின் மூட்டுகளையும் முதுகையும் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.