ஸ்விட்சிலேயே மிரரிங்கா, தனி டேப் பெட்டியா?

வீடு கோவையில். வேலை வாளையாறு தாண்டி கஞ்சிக்கோட்டில், மூன்று ஷிஃப்ட் ஓடும் ஒரு தொழிற்சாலையில். போன மழைக்காலத்தில் இரவில் மட்டும் எடைமேடை கணினிக்கும் சர்வருக்கும் தொடர்பு விட்டுவிட்டுப் போனது. வயருக்குள் என்ன ஓடுகிறது என்று, நெட்வொர்க் போக்குவரத்தைப் பிரித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் பார்த்தே ஆக வேண்டும். அதற்கு இரண்டு வழி: நெட்வொர்க் ஸ்விட்சே ஒரு போர்ட்டின் போக்குவரத்தை நகலெடுத்து இன்னொரு போர்ட்டுக்கு அனுப்பும் மிரரிங்; கேபிளின் நடுவே செருகி நகலெடுக்கும் டேப் பெட்டி. இரண்டையும் செய்து பார்த்தேன்.

காசு கணக்கில் பேச்சே இல்லை. மேனேஜ்டு ஸ்விட்ச் (நாமே கட்டளை கொடுத்து அமைக்கக்கூடியது) இருந்தால் மிரரிங் அதிலேயே இருக்கிறது. டேப் பெட்டி தனிச் செலவு. எனக்கு ஒருவர் இரவல் கொடுத்தார்.

டேப்பின் பெருமை, இரண்டு பக்கப் போக்குவரத்தையும் அப்படியே தரும் என்பது. பழுதான ஃபிரேம்கூட (டேட்டா பொட்டலம்) தப்பாது. ஆனால் லிங்கைக் கழற்றி நடுவே செருக வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. என்னைக் கவிழ்த்தது கரன்ட்.

கிகாபிட் காப்பர் டேப்புக்குத் தனி அடாப்டர் உண்டு. யூபிஎஸ்ஸில் பிளக் மிச்சமில்லாததால் சுவரில் மாட்டினேன். கரன்ட் போனால் உள்ளே இருக்கும் ரிலே இரு பக்கத்தையும் நேராக இணைத்துவிடும், வாஸ்தவம்தான். ஆனால் அந்த நொடியில் லிங்க் அறுந்து மறுபடி வரும். வந்ததும் ஸ்விட்ச் ஸ்பேனிங் ட்ரீ (நெட்வொர்க்கில் வளையம் விழுகிறதா என்ற சோதனை) பார்த்து, போர்ட்டை 30 நொடி நிறுத்தும். அந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட் அமைப்பைப் போடாதது என் தப்பு. ஆனால் அன்றிரவு மழையில் கரன்ட் நாலு தடவை போனபோது எடைமேடையில் நின்ற லாரிக்காரர்களிடம் அதைச் சொல்லவா முடியும்? ஹார்ன் சத்தம் சர்வர் அறை வரை கேட்டது.

மறுநாள் மிரரிங். சிஸ்கோ ஸ்விட்சில் இரண்டே வரி: ‘மானிட்டர் செஷன் 1 சோர்ஸ்’ என்று எடைமேடை போர்ட், ‘டெஸ்டினேஷன்’ என்று 24ஆம் போர்ட். ஒரு கேபிளையும் தொடவில்லை. இரவு பத்தரைக்குச் சிக்கியது: சர்வரின் ஐபி முகவரிக்கு இரண்டு மேக் முகவரிகள் (ஒவ்வொரு கருவிக்கும் உரிய அடையாள எண்) பதில் சொல்லின. செக்யூரிட்டி அறையில் இரவு மட்டும் போடும் டிவிஆர் (கேமரா பதிவுப் பெட்டி) தான் இரண்டாவது; அதற்கும் சர்வரின் அதே ஐபி.

மிரரிங்கிலும் குறை உண்டு. 1 கிகாபிட் லிங்கில் போக, வர சேர்த்தால் 2 கிகாபிட் வரை ஓடலாம்; 1 கிகாபிட் போர்ட்டில் அது அடங்காது, மிச்சம் சொல்லாமல் கொள்ளாமல் விழுந்துவிடும். எடைமேடைக்கு அவ்வளவு ஓட்டமில்லை. சிஆர்சி பிழையுள்ள (வழியில் சிதைந்துபோன) ஃபிரேமை ஸ்விட்ச் முன்பே எறிந்துவிடும் என்பதால், கேபிள் பழுதென்று சந்தேகம் வந்தால் மிரரை நம்பாமல் போர்ட்டின் பிழைக் கணக்கைப் பாருங்கள். ஃபைபர் லிங்க் என்றால் பேச்சு வேறு: ஒளியைப் பிரித்துத் தரும் டேப்புக்குக் கரன்டே வேண்டாம். ஆனால் அதை நான் கையாண்டதில்லை.

வேலை முடிந்ததும் ‘நோ மானிட்டர் செஷன் 1’ அடிக்க மறந்தேன். டெஸ்டினேஷன் போர்ட்டில் சாதாரணப் போக்குவரத்து ஓடாது. ஒரு வாரம் கழித்து பாலக்காட்டு சூப்பர்வைசர் அதில் லேப்டாப்பைச் செருகிவிட்டுக் கூப்பிட்டார்: “சேட்டா, லைட் கத்துந்நுண்டு, நெட் இல்லா!” லைட் எரிகிறதாம். இப்போது 24ஆம் போர்ட்டுக்குச் சிவப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டியிருக்கிறேன். நான் காசு கொடுத்து வாங்கிய ஒரே டேப் அதுதான்.