ஹைகோர்ட் மெட்ரோவிலிருந்து காளிகாம்பாள் கோயிலுக்கு

இந்தத் தடவை நான் லண்டனிலிருந்து சென்னைக்கு வந்ததும் அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "காளிகாம்பாளைப் பார்த்துட்டு வரணும்டா." கல்யாணமான புதிதில் மண்ணடியில் இருந்தவர்.

ஹைகோர்ட் ஸ்டேஷன் வரை மெட்ரோவில் சுகமாக வந்தோம். மேலே ஏறியதும் ஹைகோர்ட்டின் சிவப்புக் கோபுரங்களை அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிட்டார். "மொட்டை மாடியில படுத்தா இந்த லைட்டு ராத்திரி முழுக்க சுத்தி சுத்தி வரும்." உண்மைதான், 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கம் அந்தக் கோபுர உச்சியில்தான் எரிந்தது.

தம்புச் செட்டித் தெரு கோயில் கூப்பிடு தூரம். ஆனால் அம்மாவுக்கு முட்டி வலி. ஆப்பில் ஆட்டோ போட்டேன். முதல் ஆள் "எங்க சார் போணும்?" என்றார், சொன்னதும் கேன்சல். அடுத்தவர் "கேஷா, ஜிபேயா?" கேஷ் என்றதும் அதுவும் கேன்சல். மூன்றாவது வண்டி மேப்பில் பிராட்வே பக்கம் ஆடாமல் அசையாமல் நின்றது. நான்காமவர் 150 ரூபாய் கேட்டார். 35 நிமிடம்! அம்மா கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு, கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார். அந்தக் காலத்தில் பிராட்வேயில் இறங்கினால் ரிக்‌ஷாக்காரர்கள் பையைப் பிடுங்கிக்கொண்டு போவார்களே, அதுவே மேல்.

லண்டனில் ஸ்டாண்டில் லைட் போட்டு நிற்கும் கறுப்பு டாக்ஸி, 12 மைலுக்குள் தக்க காரணமில்லாமல் சவாரியை மறுக்க முடியாது. அதற்காக இங்கே ஓட்டுநரை மட்டும் திட்டவும் மனம் வரவில்லை. 2013-ல் அரசு நிர்ணயித்த மீட்டர் கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய். அந்தக் காசுக்குப் பாரிமுனை நெரிசலில் மாட்டிக்கொள்ள யார் வருவார்? மெட்ரோ வாசல், கோயில், ஜிபிஓ தபால் நிலையம், பீச் ஸ்டேஷன் என்று ஒரு சின்ன பஸ் சுற்றிக்கொண்டே இருந்தால் எத்தனை பெரியவர்களுக்கு உதவும்!

கடைசியில் அம்மாவே "நடந்துடலாம் வா" என்றார். நடைபாதை முழுக்க பைக்குகள், சரக்கு மூட்டைகள். தட்டுவண்டிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி நடந்தோம். ஒரு மோட்டார் பம்ப் கடை வாசலில் அம்மா மூச்சு வாங்க நின்றதுதான் தாமதம், கடைக்காரர் நீலப் பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்றை எடுத்துத் துண்டால் துடைத்துப் போட்டார். "உக்காருங்கம்மா, அவசரமில்ல." தண்ணீரும் வந்தது. நாங்கள் அந்தக் கடையில் எதுவும் வாங்கப் போவதில்லை என்று அவருக்கும் தெரியும். என் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருட லண்டன் வாழ்க்கையில் ஒரு கடை வாசலில் எனக்கு யாரும் ஸ்டூல் போட்டதில்லை.

நடை சாத்துவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டோம். அம்மா குங்குமத்தைத் தாளில் மடித்து எடுத்துக்கொண்டார், அதில் பாதி அந்தக் கடைக்காரர் வீட்டுக்கு. திரும்பி வந்து கொடுத்தபோது மறுபடி அதே ஸ்டூல். கடைப் பையன் தெருமுனைக்கு ஓடி ஒரு ஆட்டோவைக் கையோடு கூட்டி வந்தான். பீச் ஸ்டேஷனுக்கு 60 ரூபாய், கேஷ்தான்.