அந்துப்பூச்சியின் வாசனை: ஆய்வகம் சொல்வதா, தோட்டம் சொல்வதா?

பழத்தோட்டத்தில் இனக்கவர்ச்சிப் பொறி வைக்க வேண்டுமானால், பெண் அந்துப்பூச்சி ஆணை வரவழைக்க விடும் வாசனை எந்த வேதிப்பொருள் என்று முதலில் தெரிந்தாக வேண்டும். அதற்கு வழிகள் பல உண்டு.

பழைய வழி, பூச்சிகளைக் குவித்துச் சாறு எடுப்பது. ஜெர்மனியில் பூட்டெனாண்ட் குழு 1959இல் பட்டு அந்துப்பூச்சியின் வாசனைப் பொருளான பாம்பிகாலை அறிவித்தது. சுமார் 5 லட்சம் பெண் பூச்சிகளிலிருந்து தேறியது சில மில்லிகிராம். பட்டுப்பூச்சி என்பதால் முடிந்தது. பழமரப் பூச்சிகள் பலவற்றில் அத்தனைக்கு எங்கே போவது?

அடுத்தது உணர்கொம்பு மின்பதிவு. ஆண் பூச்சியின் உணர்கொம்பை வெட்டி, இரு முனைகளையும் மின்முனைகளோடு இணைத்து, கைவசமுள்ள வேதிப்பொருட்களை ஒவ்வொன்றாக ஊதி, எதற்கு மின்சைகை எழுகிறது என்று பார்ப்பார்கள். ஆப்பிளைத் துளைக்கும் காட்லிங் அந்துப்பூச்சிக்கு நியூயார்க் மாநிலத்து ஜெனீவாவில் ரோலாஃப்ஸ் குழு 1971இல் இதைத்தான் செய்தது. 12 கார்பன் ஆல்கஹால்களில், இரட்டைப் பிணைப்பு 8ஆம் இடத்தில் உள்ளதும் 10ஆம் இடத்தில் உள்ளதும் உணர்கொம்பை நன்றாக உசுப்பின. அப்படியானால் அசலில் இரண்டு பிணைப்புமே இருக்கும் என்று கணித்துத் தயாரித்தார்கள். தோட்டத்தில் ஆண்கள் வந்து விழுந்தன. அதுதான் காட்லமோன். கெட்டிக்காரத்தனமான கணிப்பு, சந்தேகமில்லை. ஆனால் அலமாரியில் இல்லாத ரகத்தை இந்த வழியில் பிடிப்பது கஷ்டம்.

என் ஓட்டு மூன்றாவதற்கு. பெண் பூச்சியின் சுரப்பிச் சாற்றை வாயு குரோமட்டோகிராபிக்குள் (கலவையைத் தனித்தனிப் பொருளாகப் பிரிக்கும் முறை) செலுத்தி, பிரிந்து வருவதில் ஒரு பங்கை அளக்கும் கருவிக்கும் மறுபங்கை உணர்கொம்புக்கும் அனுப்புவார்கள். கருவியின் கோடு அசையாத இடத்தில்கூட உணர்கொம்பின் கோடு துள்ளும். கொஞ்சம் பூச்சிகளே போதும். அப்புறம் அந்த இடத்தில் என்ன பொருள் என்று தேடலாம். அங்கே அவசரம் ஆகாது: பீச் மரத்தைத் துளைக்கும் இரண்டு சினாந்தெடான் அந்துப்பூச்சி இனங்களின் பெரோமோனும் (இந்த இனக்கவர்ச்சி வாசனைப் பொருள்) ஒரே அசிடேட்தான், 3ஆம் இடத்து இரட்டைப் பிணைப்பு ஒன்றில் சிஸ் (சங்கிலியின் இரு பக்கமும் ஒரே புறம்), மற்றதில் டிரான்ஸ் (எதிரெதிர்ப் புறம்).

ஆய்வகமே வேண்டாம், பொருட்களை நேரே தோட்டத்தில் தொங்கவிட்டுப் பார்க்கலாம் என்பது நான்காவது கட்சி. மலிவுதான். எலுமிச்சை இலைத்துளைப்பானுக்கு ஜப்பானில் அப்படித்தான் 1985இல் ஒரு டையீனல் (இரண்டு இரட்டைப் பிணைப்புள்ள ஆல்டிஹைடு) கிடைத்தது. அதே பொருளைத் தனியாக வைத்தால் பிரேசிலில் ஆண்கள் சீண்டவில்லை. 2006இல் சுரப்பியையே ஆராய்ந்தபோதுதான் விடுபட்டிருந்த டிரையீனல் (மூன்று இரட்டைப் பிணைப்புள்ளது) வெளியே வந்தது. டிரையீனல் மூன்று பங்கு, டையீனல் ஒரு பங்கு கலந்ததும் பொறி நிரம்பியது. ஆகவே மூன்றாவது வழியில் கண்டுபிடித்ததையும், பொறி வைக்கப்போகும் நாட்டுத் தோட்டத்தில் ஒரு பருவம் தொங்கவிட்டுப் பார்த்த பிறகே நம்புவேன்.