உம்லாசியா, நொங்கோமாவா: மாமனாரை எந்த வீட்டுக்கு அழைப்பது?

மாமனார் டர்பனில் ஒரு மருத்துவமனையில் காலமாகி வருடம் திரும்பியதும் வீட்டில் இந்தப் பேச்சு எழுந்தது. மனைவி வீட்டார் தென்னாப்பிரிக்காவின் சூலு மக்கள். இறந்தவர் இட்லோசியாக, குடும்பத்தைக் காக்கும் முன்னோராக வீடு திரும்ப, மாடு அறுத்து உகுபுயிசா என்ற சடங்கு செய்வார்கள். அதை டர்பனை ஒட்டிய உம்லாசி நகர வீட்டில் செய்வதா, சுமார் 300 கிலோமீட்டர் தள்ளியுள்ள நொங்கோமா பூர்வீக வீட்டிலா? என்னையும் கேட்டார்கள். நொங்கோமா என்றேன்.

உம்லாசியில் செலவு குறைவு, வேலைக்குப் போகிறவர்களும் வந்துவிடலாம். அறையின் ஒரு மூலையை முன்னோருக்கு ஒதுக்குவதும், முற்றத்தில் சின்ன வட்டக் குடிசை கட்டுவதும் நகரத்தில் சகஜம். அதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

நொங்கோமாவில் இருப்பது பழைய வட்டக் குடிசை. வாசலுக்கு நேர் எதிரே பின்சுவரை ஒட்டிய இடம்தான் உம்சாமோ. இம்பெபோ மூலிகையைப் புகைய விட்டு முன்னோரிடம் பேசுவது அங்கே. உம்கொம்போத்தி பீரும் இறைச்சியும் அவர்களுக்காக இரவு முழுக்க இருப்பதும் அங்கே. வெளியே மாட்டுப்பட்டி, அதுவும் அவர்கள் இடம்.

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. புல் கூரை ஆளில்லாமல் நிற்காது. உள்ளே அடுப்பு எரிந்து புகை ஏறினால்தான் பூச்சி அண்டாது. தரையைச் சாணமிட்டு மெழுகிக்கொண்டே இருக்க வேண்டும். அழைத்து வந்தவரைப் பூட்டிய குடிசையில் விட்டுவிட்டு நாம் டர்பன் திரும்புவதா? மாமியார் நொங்கோமாவிலேயே இருக்கிறார், தினமும் அடுப்பு மூட்டுகிறார். அவர் அங்கே இல்லையென்றால் நானும் உம்லாசி என்றுதான் சொல்லியிருப்பேன். நான் கூட இருந்து பார்த்தது இந்த ஒரு சடங்கைத்தான். வீட்டுக்கு வீடு முறை மாறும்.

பெரிய மச்சான் உம்லாஹ்லான்கோசி முள்மரக் கிளையோடு மருத்துவமனைக்குப் போய், அப்பாவின் ஆவியைக் கூப்பிட்டு அந்தக் கிளையில் அழைத்துவந்தார். மினிபஸ்ஸில் இரண்டு பேருக்குக் கட்டணம் கொடுத்தோம். பக்கத்து இருக்கை அப்பாவுக்கு. வழி நெடுக மச்சான் எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. துகேலா ஆற்றுப் பாலம் வந்தபோது மட்டும் கிளையிடம் குனிந்து, "பாபா, ஆற்றைக் கடக்கிறோம்" என்றார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காலையில் மெழுகிய தரை இன்னும் ஈரமாக இருந்தது. கிளையை உம்சாமோவில் வைத்தார். மாமியார் அடுப்பில் இன்னொரு விறகைத் தள்ளினார்.