உளவு மென்பொருளை அலுவலகத்துக்குள் விடாமலிருக்க: போடி ஏலக்காய் நிறுவனம் ஒன்றின் பல ஆண்டு அனுபவம்

போடிநாயக்கனூரில் உள்ள ஏலக்காய் வணிக நிறுவனம் ஒன்றின் கணினிகளைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். தலைமை அலுவலகம் போடியிலும், கொள்முதல் கிளை மலைக்கு மேலே கேரளத்தின் வண்டன்மேட்டுப் பகுதியிலும் இருக்கின்றன. மின்னணு ஏலம் போடியிலும் வண்டன்மேட்டை அடுத்த புத்தடியிலும் நடப்பதால் இரண்டு இடங்களுக்கும் இடையே நாள் முழுவதும் விலை விவரம், இ-வே பில், வங்கிப் பரிமாற்றம் என்று தகவல் போய்க்கொண்டே இருக்கும். இந்தக் கணினிகளில் ஒன்றில் விசைகளைப் பதிவு செய்யும் மென்பொருள் புகுந்தால் இணைய வங்கியின் கடவுச்சொல்லே வெளியே போய்விடும். அப்படிப் போகாமல் காப்பதற்கு எவை உண்மையில் பயன்பட்டன, எவை பெயரளவில் மட்டும் இருந்தன என்பதை எழுதுகிறேன்.

வைரஸ் தடுப்பு மென்பொருளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. விண்டோஸுடன் வரும் டிஃபெண்டரும், கட்டணம் செலுத்தி வாங்கிய மென்பொருளும் எங்கள் அலுவலகத்தில் ஒரே தரத்தில்தான் வேலை செய்தன. ஏதாவது ஒன்று இருக்க வேண்டும், அது தினமும் புதுப்பிக்கப்பட வேண்டும், டிஃபெண்டராக இருந்தால் தேவையற்ற செயலிகளைத் தடுக்கும் அமைப்பு இயக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனால் உள்ளே வந்ததைத் துடைப்பது வேறு, வரவிடாமல் தடுப்பது வேறு. மாதந்தோறும் துடைத்துக்கொண்டே இருந்த காலத்தில் அதே குப்பைதான் மறுபடி மறுபடி வந்தது.

நிலைமையை மாற்றியது நிர்வாகி உரிமையைத் திரும்பப் பெற்றதுதான். ஊழியர் ஒவ்வொருவருக்கும் சாதாரணப் பயனர் கணக்கு மட்டுமே கொடுத்தோம். நிர்வாகிக் கணக்கின் கடவுச்சொல் முதலாளியின் அறையில் உறையிட்ட கடிதத்திலும் என்னிடமும் மட்டுமே இருக்கிறது. முதல் சில வாரங்கள் முணுமுணுப்பு இருந்தது. இதற்குப் பிறகும் ஒரு ஓட்டை இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. இன்றைய உளவு மென்பொருள்களில் பல, நிர்வாகி உரிமையே கேட்காமல் பயனரின் சொந்தக் கோப்புறைக்குள் அமர்ந்துகொண்டு அங்கிருந்தே இயங்கக்கூடியவை. ஆகவே எந்த நிரல் இயங்கலாம் என்று வரையறுக்கும் விண்டோஸ் வசதியான ஆப்லாக்கர் மூலம், டவுன்லோட்ஸ், டெம்ப் போன்ற பயனர் எழுதக்கூடிய கோப்புறைகளிலிருந்து எந்த நிரலும் இயங்கக் கூடாது என்று விதி வைத்தோம். இந்த விதிகளைக் கையாளும் குரூப் பாலிசி எடிட்டர் விண்டோஸ் ஹோம் பதிப்பில் கிடையாது. கணினி வாங்கும்போதே புரோ பதிப்பாக வாங்குவது பின்னால் வரும் பெரிய தலைவலியைத் தவிர்க்கும்.

உரிமையைப் பறிப்பதோடு நின்றால் ஊழியர்கள் வேறு வழி தேடுவார்கள். அவர்கள் எதற்காக மென்பொருளை இறக்குகிறார்கள் என்று கவனித்தபோது, பெரும்பாலும் அலுவலக வேலைக்காகத்தான் இறக்குகிறார்கள் என்பது தெரிந்தது. தோட்டக்காரர்களுக்குத் தமிழில் கடிதம் அடிக்க வேண்டும். கேரளத்து அலுவலகங்களுக்கு மலையாளத்தில் விண்ணப்பம் போக வேண்டும். பாமினி எழுத்துருவையோ மலையாளத் தட்டச்சு மென்பொருளையோ தேடிப்போகும் ஒருவருக்கு, முதலில் வந்து நிற்கும் தளங்களில் பல எழுத்துருவோடு கருவிப்பட்டையையும் விளம்பர மென்பொருளையும் சேர்த்தே கட்டித் தருபவை. பிடிஎஃப் மாற்றிகளும் அப்படித்தான். எங்கள் அலுவலகத்தில் நுழைந்த குப்பையில் பெரும்பகுதி இந்த வாசல் வழியாகத்தான் வந்தது. தமிழ் 99, அஞ்சல் விசைப்பலகைகள் விண்டோஸுக்குள்ளேயே இருக்கின்றன. தமிழ், மலையாளம் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கான ஒலிபெயர்ப்பு விசைப்பலகைகள் 2019 மே மாதப் பதிப்பிலிருந்து கிடைக்கின்றன. இவற்றை எல்லாக் கணினிகளிலும் நானே அமைத்துக் கொடுத்து, பழைய எழுத்துருக்களையும் நம்பகமான பிடிஎஃப் மென்பொருளையும் பொதுக் கோப்புறையில் வைத்த பிறகு, வெளியே தேடும் தேவையே குறைந்துவிட்டது. ஊழியரைக் கடிந்துகொள்வதைவிட அவருக்கு வேண்டியதைச் சுத்தமான இடத்தில் வைப்பது பலன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது உலாவி. அறிவிப்பு அனுப்பலாமா என்று ஏதோ ஒரு தளம் கேட்கும்போது 'அனுமதி' என்று அழுத்திவிட்டால், பிறகு திரையின் மூலையில் 'உங்கள் கணினியில் வைரஸ்' என்று பொய் அறிவிப்புகள் வந்துகொண்டே இருக்கும். அதில் உள்ள எண்ணை அழைத்தால், தொலைவிலிருந்து கணினியைக் கையாளும் செயலியை நிறுவச் சொல்வார்கள். பணம் போவது அங்கேதான். அறிவிப்புகளை எல்லாத் தளங்களுக்கும் மொத்தமாக முடக்கினோம். எக்ஸ்டென்ஷன்களில் நாங்கள் அனுமதித்த ஓரிரண்டைத் தவிர வேறு எதையும் சேர்க்க முடியாது. குரோமில் விளம்பரத் தடுப்பானான யுபிளாக் ஆரிஜினின் முழுப் பதிப்பு இனி இயங்காது என்றானபோது, வங்கி வேலைகளை ஃபயர்ஃபாக்ஸுக்கு மாற்றினோம். அங்கே அது இன்றும் இயங்குகிறது.

ரூட்டரில் பெயர்த் தீர்வுக்காக, அதாவது தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றுவதற்காக, குவாட்9 சேவையின் 9.9.9.9 முகவரியை இட்டோம். தீங்கானவை என்று அறியப்பட்ட தளங்களை அது திறக்கவே விடுவதில்லை, கட்டணமும் இல்லை. உலாவி தனக்கென மறைகுறியாக்கப்பட்ட பெயர்த் தீர்வு வழியை வைத்துக்கொண்டால் இந்தத் தடுப்பு பயனற்றுப் போகும் என்பதால், அந்த வசதியையும் குரூப் பாலிசி வழியே நிறுத்த வேண்டும்.

பென்டிரைவ் எங்களுக்குப் பெரிய தொல்லை. ஆடிட்டர் அலுவலகம், ஜெராக்ஸ் கடை, புகைப்பட ஸ்டுடியோ என்று சுற்றிவரும் பென்டிரைவில் ஷார்ட்கட் வைரஸ் இல்லாமலிருப்பது அரிது. நடுவண் அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திரம் தரும் யுஎஸ்பி பிரதிரோத் என்ற இலவசக் கருவியைச் சில காலம் பயன்படுத்தினோம். சிறிய அலுவலகத்துக்கு அது போதுமானது. பிறகு ஒரே ஒரு கணினியில் மட்டும் பென்டிரைவை அனுமதித்து, மற்றவற்றில் செருகி எடுக்கும் சேமிப்பகங்களைக் குரூப் பாலிசி வழியே தடுத்தோம். ஜிஎஸ்டிக்கான டிஎஸ்சி (டிஜிட்டல் கையொப்பச் சான்றிதழ்) டோக்கன் ஸ்மார்ட் கார்டாக இயங்குவதால் இந்தத் தடை அதைப் பாதிக்கவில்லை.

ஊழியர்களின் தவறான பயன்பாட்டைப் பற்றி முதலாளிக்கு இருந்த கவலை நியாயமானது. ஐபிஎல் காலத்தில் அலுவலக இணைப்பு திணறும். திருட்டுத்தனமாகப் படம் காட்டும் தளங்கள் உளவு மென்பொருளின் நேரடி வாசல்கள். ஆனால் ஒவ்வொருவரின் திரையையும் படம் பிடித்து அனுப்பும் கண்காணிப்பு மென்பொருளைப் போடலாம் என்ற யோசனை வந்தபோது நான் உறுதியாக மறுத்தேன். அது செய்யும் வேலையும் உளவு மென்பொருள் செய்யும் வேலையும் ஒன்றே: விசைகளைப் பதியும், வங்கித் திரையைப் படமெடுக்கும், அத்தனையையும் எங்கோ உள்ள வழங்கியில் (சர்வரில்) சேர்த்து வைக்கும். அந்த வழங்கி உடைந்தால் நம் கடவுச்சொற்களும் தோட்டக்காரர்களின் கணக்கு விவரங்களும் சேர்ந்தே போகும். தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்துவிட்ட நாட்டில், ஊழியருக்குத் தெரியாமல் இதைச் செய்வது முறையும் அல்ல. மாற்றாக, ஊழியர்களின் கைப்பேசிகளுக்கு அலுவலக வலையமைப்பிலிருந்து முற்றிலும் பிரிந்த விருந்தினர் வைஃபை ஒன்றை அளவான வேகத்தில் கொடுத்தோம். எந்தக் கணினி எந்தத் தளத்தைத் திறக்க முயன்றது என்ற பதிவு ரூட்டரில் இருக்கும் என்பதைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி, படித்துக் கையெழுத்திடச் செய்தோம். அலுவலகக் கணினியில் ஆட்டம் பார்ப்பது அதோடு ஏறக்குறைய நின்றது.

புதுப்பிப்பைத் தள்ளிப்போடுவதை மட்டும் நான் எந்தக் காரணத்துக்காகவும் ஒப்புக்கொள்வதில்லை. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வான்னாக்ரை 2017 மே மாதத்தில் உலகெங்கும் பரவி, வயநாட்டு ஊராட்சி அலுவலகக் கணினிகள் வரை வந்தபோது, அதைத் தடுக்கும் திருத்தம் வெளியாகி இரண்டு மாதங்கள் ஆகியிருந்தன.

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்ததால், விண்டோஸ் 11 ஏற்காத பழைய கணினிகளை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. மலைக் கிளையில் இருந்தவற்றை லினக்ஸுக்கு மாற்றினோம். கேரள அரசுப் பள்ளிகளில் கணினிப் பாடம் கட்டற்ற மென்பொருளில்தான் நடக்கிறது; எனவே அங்குள்ள இளம் ஊழியர்களுக்குப் புதிதாகக் கற்றுக்கொடுக்க எதுவும் இல்லை. போடியில் டேலியும் டிஎஸ்சி வேலைகளும் இருப்பதால் விண்டோஸ் 11 கணினிகளையே வாங்க நேர்ந்தது. ஒவ்வொன்றையும் முழுமையாக அமைத்து முடித்தவுடன் குளோன்சில்லா என்ற கருவியால் வட்டை முழுவதும் படியெடுத்து, வெளி ஹார்டு டிஸ்க்கில் பூட்டி வைத்திருக்கிறேன். கோப்புகள் எல்லாம் பொதுச் சேமிப்பகத்தில் இருப்பதால், ஒரு கணினி மீது சந்தேகம் வந்தால் ஆராய்ந்துகொண்டிருக்காமல் அந்தப் படியை மீண்டும் ஏற்றிவிடலாம். மதிய உணவு முடிந்து வருவதற்குள் அது வேலைக்குத் தயாராகிவிடும்.